சைதாப்பேட்டை மைதானமும் நம் பின்பக்கக் காலி மனையும்



போன இதழில் கடனா நதியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு லிஃப்டிலும் பால் வாங்குகிற இடத்திலும் நிறுத்திப் பேசிய எல்லோருக்கும் நன்றி. இந்த முறை ஒரு விளையாட்டு மைதானத்தின் வரலாறு. அதை எழுதக் காரணமாக இருந்தவன் ஒரு பையன். அவனிடமிருந்தே தொடங்குகிறேன்.

கோடை விடுமுறைக்கு நம் சி பிளாக்கிற்கு ஒரு பேரன் வந்திருந்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில் பல்கலைக்கழகப் படிப்பு. பெட்டியில் தாத்தா பாட்டிக்குச் சாக்லேட், தனக்கு ஒரு தோல் கையுறை. ஒரு மாலை கீழே நடந்துகொண்டிருந்த என்னிடம் கேட்டான்: "தாத்தா, இங்க பக்கத்துல பேஸ்பால் கிரவுண்டு எங்க இருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். "ஆழ்வார்குறிச்சியில கடனா நதி இருக்கு, சிவசைலம் கோவில் இருக்கு, மேக்க பாத்தா மலை இருக்கு. பேஸ்பால் கிரவுண்டுக்கு நீ ஆஸ்டினுக்குத்தான் போணும்லே."

அவனும் சிரித்தான். ஆனால் அன்று இரவு படுத்த பிறகு, அவனுக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று தோன்றியது. ஏன் தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கடைசியில் நம் ஏ பிளாக்கிற்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்கும் வருவேன். அடுத்த பொதுக்குழுவில் அது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

பேஸ்பால் மைதானம் என்றால்

கிரிக்கெட் தெரிந்த நமக்கு பேஸ்பால் மைதானத்தைப் புரிந்துகொள்வது எளிது. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் நடுவே 22 கஜம், அதாவது 66 அடி. பேஸ்பாலில் பந்து எறிபவர் நிற்கும் இடத்துக்கும் மட்டைக்காரர் நிற்கும் 'ஹோம்' தட்டுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். ஓடித் தொட வேண்டிய நான்கு முனைகளும் ஒன்றுக்கொன்று 90 அடி தூரத்தில், சாய்த்து வைத்த சதுரமாக இருக்கும். இவையெல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு.

வேறுபாடு வெளிப்புறத்தில். கிரிக்கெட்டில் பந்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆகவே முழு வட்டம் தேவை. பேஸ்பாலில் முன்னால் உள்ள கால் வட்டத்துக்குள் அடித்தால்தான் கணக்கு. அந்தக் கால் வட்டத்தின் வெளி எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். தெரு ஓரத்து மனையானாலும் சரி, மலையடிவாரமானாலும் சரி, கிடைத்த நிலத்துக்கு ஏற்ப மைதானம் அமையும். அதனால்தான் அமெரிக்காவில் பழைய மைதானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

குன்று இருந்த மைதானம்

அந்தப் பையன் படிக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மைதானம் இருந்தது. பெயர் கிளார்க் ஃபீல்டு. 1928-இல் திறந்தார்கள். நிலத்தைச் சமப்படுத்தியபோது நடு வெளியிலும் அதன் இடப்பக்கத்திலும் ஒரு சுண்ணாம்புப் பாறைச் சரிவு அப்படியே நின்றது. இடத்துக்கு இடம் 12 அடியிலிருந்து 30 அடி உயரம். அதை உடைத்து எடுக்காமல் ஆட்டத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். பந்து குன்றின் மேல் விழுந்தாலும் ஆட்டம் தொடரும். குன்றில் ஏற ஓர் ஆட்டுப் பாதை உண்டு. ஃபீல்டர் அதில் ஏறிப் பந்தை எடுத்து எறிவதற்குள் மட்டைக்காரர் நான்கு முனைகளையும் தொட்டுவிடுவார். வெளியூர் அணிகள் திணறும். உள்ளூர்ப் பையன்களுக்கு அந்தப் பாறையின் ஒவ்வொரு பிடியும் அத்துப்படி.

1929-இல் நியூயார்க் யாங்கீஸ் என்ற புகழ்பெற்ற அணி அங்கே காட்சிப் போட்டி ஆட வந்தது. அதன் வீரர் லூ கெரிக் அடித்த ஹோம் ரன் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது. 1949-இலும் 1950-இலும் டெக்சாஸ் அணி அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசிய பேஸ்பால் பட்டத்தை வென்றது. இரண்டு முறையும் பயிற்சியாளர் பிப் ஃபாக். அவருக்கு முன் நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்தவர் பில்லி டிஷ்.

1974-இல் கிளார்க் ஃபீல்டில் ஆட்டம் நின்றது. இடம் வேறு கட்டடங்களுக்குத் தேவைப்பட்டது. பிறகு அங்கே கலையரங்கங்கள் எழுந்தன. 1975-இல் வேறோர் இடத்தில் புதிய ஸ்டேடியம் திறந்து, அந்த இரண்டு பயிற்சியாளர்களின் பெயரையும் சேர்த்து டிஷ்-ஃபாக் ஃபீல்டு என்று அழைத்தார்கள். பையன் கைப்பேசியில் எனக்குக் காட்டியது அதைத்தான். குன்றைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நான் சொன்னதும், "நிஜமாவா தாத்தா, சென்டர் ஃபீல்டுல மலையா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

மைதானத்தைக் கைவிட்ட பல்கலைக்கழகம் இன்னொன்றைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் கைவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிளனேடிலிருந்து சைதாப்பேட்டைக்கு

இனி நம் பக்கத்துக் கதை. அமெரிக்கக் கல்லூரி மைதானங்களோடு நேரடி உறவுள்ள ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மைதானம்தான் அது. சென்னையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நம்மில் பலருக்குப் புத்தகக் காட்சி நடக்கும் இடமாகத்தான் அதைத் தெரியும். என் வயதுக்காரர்கள் சிலர் மட்டும் 'சைதாப்பேட்டை' என்பார்கள். நந்தனம் என்ற பெயர் 1952-53-இல், நந்தன ஆண்டில் வந்தது. கல்லூரி அதைவிட மூத்தது.

லண்டனில் 1844-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் 1890-இல் சென்னைக்கு வந்தது. இங்கே அதைக் கட்டியெழுப்பியவர் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர். எஸ்பிளனேடில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடம் அந்தச் சங்கத்துக்காகக் கட்டியது. ஃபிலடெல்ஃபியாவின் பெரிய வணிகர் ஜான் வனமேக்கர் அதற்குப் பணம் கொடுத்தார்.

1919-இல் அங்கே வந்து சேர்ந்தார் ஹாரி குரோ பக். பென்சில்வேனியா மாநிலத்துக்காரர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி படித்தவர். 1920-இல் ஒரு சில மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே இந்தியாவில் எழுந்த முதல் கல்லூரியாக அது வளர்ந்தது. பின்னர் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

அதற்கு முன் நம் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு என்றால் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள்தான் பெரும்பாலும் ஆசிரியர்கள். வரிசையில் நில், கையைத் தூக்கு, இடது, வலது. நம் ஊரில் இன்றும் உடற்கல்வி ஆசிரியரை 'டிரில் மாஸ்டர்' என்று அழைக்கிறோமே, அந்தக் காலத்தின் மிச்சம்தான் அது.

பக் படித்த ஸ்பிரிங்ஃபீல்டின் வழி வேறு. 1891 டிசம்பரில் அங்கே ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியருக்கு ஒரு தொல்லை வந்தது. வெளியே பனி. பேஸ்பாலும் கால்பந்தும் ஆட முடியாத மாணவர்கள் உள்ளரங்கில் உடற்பயிற்சி செய்து சலித்துப்போய்க் கிடந்தார்கள். அவர் பீச் பழக் கூடைகள் இரண்டை அரங்கின் மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். 18 மாணவர்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆட விட்டார். கூடைப்பந்து பிறந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால் பந்து உள்ளே விழுந்தால் யாராவது ஏறி எடுக்க வேண்டியிருந்தது.

1895-இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில், அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.வின் வில்லியம் மார்கனுக்கு வேறொரு தொல்லை. அவரிடம் வந்தவர்கள் நடுவயது வியாபாரிகள். கூடைப்பந்தில் அவர்களால் ஓட முடியவில்லை. ஆறரை அடி உயரத்தில் ஒரு வலையைக் கட்டி, யாரும் யாரையும் முட்டிக்கொள்ளாமல் பந்தைக் கையால் தட்டி ஆடும் ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார். அதுதான் வாலிபால். நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் கோவில் கொடைக்குக்கூட போட்டி நடத்துகிறோமே, அந்த வாலிபால் மூட்டு வலிக்காரர்களுக்காகப் பிறந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு ஆட்டங்களும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. கிடைக்கிற இடம் என்ன, வந்திருக்கிற ஆள் யார் என்று பார்த்து, அதற்கேற்ற விளையாட்டைக் கொடு. இந்த எண்ணத்தைத்தான் பக் சென்னைக்குக் கொண்டுவந்தார். 'வியாயாம்' என்ற இதழை நடத்தினார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய புத்தகத்தை உடற்கல்வி ஆசிரியர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்தார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார். 1943-இல் காலமாகும்வரை அவர் பெயரும் அந்தக் கல்லூரியின் பெயரும் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் கல்லூரி பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டங்கள் தந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளையாட்டுக்கென்றே தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று உடற்கல்வி படிக்க நம் பிள்ளைகள் சென்னை வரை போக வேண்டியதில்லை. திருச்செந்தூரிலேயே கல்லூரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர், 1920-இல் ஒரு சிலரோடு தொடங்கிய அந்தப் பள்ளி.

வாளியும் பனங்கட்டையும்

அறுபதுகளில் நான் இங்கே பள்ளியில் படித்தபோது எங்களுக்கு வந்த பி.டி. சார் சைதாப்பேட்டையில் படித்தவர். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். அவர் வந்த முதல் வாரம் விளையாடவே விடவில்லை. சுண்ணாம்புத் தூளை ஒரு தகர டப்பாவில் போட்டு, அடியில் ஓட்டை குத்தி, கயிறு பிடித்துக் கோடு போடச் சொன்னார். "மொதல்ல கோடு. அப்புறந்தான் ஆட்டம்" என்பார்.

அதற்கு முன் எங்களுக்கும் கோடு தெரியும். கிளியாந்தட்டுக்குக் காலால் கீறிய கோடு போதும். ஆனால் கீறிய கோட்டில் சண்டை வரும். "நீ கோட்டத் தாண்டிட்ட", "இல்லல்லா, கோடு அங்க இருந்துச்சு." சுண்ணாம்புக் கோட்டில் அந்தச் சண்டை இல்லை. பெரிய வீட்டுப் பையனுக்கும் அவன் வீட்டில் வேலை பார்ப்பவர் மகனுக்கும் ஒரே கோடு. சார் அதை வாயால் சொன்னதில்லை. விசில் சொல்லும்.

கூடைப்பந்துக்குப் பலகையும் வளையமும் வாங்கப் பள்ளியில் அப்போது பணம் இல்லை. சார் பழைய தகர வாளி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பனங்கட்டையில் அடித்து நட்டார். அதில்தான் நாங்கள் கூடைப்பந்து பழகினோம். நைஸ்மித்தின் பழக்கூடைக் கதையைப் படித்தபோது எனக்கு அந்த வாளிதான் கண்ணில் வந்தது. அடிப்பாகத்தை முன்கூட்டியே வெட்டிய வகையில், எங்கள் சார் ஸ்பிரிங்ஃபீல்டைவிட ஒரு படி மேல்!

ஒரு நாள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்த எங்களை நிறுத்தி, தென்னை மட்டையும் துணிப்பந்தும் கொடுத்து, நான்கு மூலைகளில் நான்கு செங்கலை வைத்து, அடித்துவிட்டு வரிசையாக அவற்றைத் தொட்டு ஓடி வரச் சொன்னார். அரை மணி நேரம் ஆடினோம். அந்த ஆட்டத்தின் பெயரை அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அது பேஸ்பாலின் எளிய வடிவம் என்று ஐம்பது வருடம் கழித்து, ஒரு பேரனின் தோல் கையுறையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே பேரனுக்கு நான் சொன்ன பதில் தப்பு. ஆழ்வார்குறிச்சியில் பேஸ்பால் மைதானம் இருந்தது, ஒரே ஒரு அரை மணி நேரம். இந்தியாவில் இன்று பல்கலைக்கழகங்களுக்கு இடையே பேஸ்பால் போட்டிகளும் சாஃப்ட்பால் போட்டிகளும் நடக்கத்தான் செய்கின்றன. பேஸ்பாலே அறியாத ஊர்களில் வளர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு இளைஞர்கள் எறிபந்துப் போட்டி ஒன்றின் வழியாக 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஒப்பந்தம் பெற்றார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் அதற்கெனத் தனி ஸ்டேடியம் கிடையாது. திறந்த நிலம் ஒன்று இருக்கும். கோடு போடத் தெரிந்த ஒருவர் இருப்பார். அது போதும்.

ஒரே மைதானம், மூன்று பல்கலைக்கழகம்

நம் ஊரில் பிறந்து சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். அமால்கமேஷன்ஸ் குழுமத்தை 1938-இல் அமைத்தவர் அவர். சிவசைலத்து அம்மன் பரமகல்யாணியின் பெயரில் நம் ஊரில் கல்லூரி வந்ததன் பின்னே அந்தக் குடும்பத்தின் ஆதரவு இருந்தது. அறுபதுகளில் வந்த அந்தக் கல்லூரியில்தான் நானும் படித்தேன்.

என் பட்டச் சான்றிதழில் மதுரைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. என் தம்பியின் சான்றிதழில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். 1978-இல் பெயர் மாறியது. என் மகளின் சான்றிதழில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 1990-இல் நெல்லைக்கென்று தனியாக வந்தது. மூன்று சான்றிதழ், மூன்று பெயர். ஆனால் நாங்கள் மூவரும் ஆடியது ஒரே மைதானத்தில். மேற்கே அதே மலை. சாயங்காலம் அதே காற்று. ரயில் மட்டும் மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாறியது.

பல்கலைக்கழகத்தின் பெயர் மாறலாம், ஊர் மாவட்டம் மாறலாம் (2019-இலிருந்து நாம் தென்காசி மாவட்டம்). திறந்தவெளி மாறாமல் இருந்தால் மூன்று தலைமுறைக்கும் அது பொதுவாக இருக்கிறது. இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 65 மீட்டர் ஆரம் உள்ள ஒரு கிரிக்கெட் வட்டத்துக்கு ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர் வேண்டும். மனை சதுர அடிக் கணக்கில் விற்கிற காலத்தில் மூன்றேகால் ஏக்கரைப் புதிதாக யாரும் வாங்கி மைதானம் ஆக்க மாட்டார்கள். ஏற்கெனவே இருப்பதை விட்டுவிடாமல் இருந்தால்தான் உண்டு.

'காலியாக் கிடக்கு'

மைதானத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது வெறும் நிலமாகத் தெரியும். பள்ளிக் கட்டடத்தைப் பார்த்து யாரும் "சும்மா கிடக்கு" என்று சொல்வதில்லை, விடுமுறையில் பூட்டிக் கிடந்தாலும்கூட. மைதானத்தை மட்டும் ஆட்டம் இல்லாத நேரத்தில் பார்த்து, "காலியாக் கிடக்கு" என்கிறோம்.

நந்தனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சி நடக்கிறது, கூட்டங்களும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. எனக்கும் புத்தகக் காட்சி பிடிக்கும்; வருடா வருடம் போயிருக்கிறேன். கல்லூரிகளுக்கு வருமானம் தேவை என்பதும் புரிகிறது. ஆனால் கொட்டகை போட்ட தரையில் அன்றைக்கு ஓட முடியாது. ஆணி பொறுக்கி, குழி மூடி, தரையைத் திரும்பச் சமன் செய்ய நாளாகும். இடம் தற்காலிகமாகப் போனால் திரும்பி வரும். நிரந்தரமாகப் போனால், ஆஸ்டினில் நடந்ததுபோல மாற்று இடம் முதலில் தயாராக இருக்க வேண்டும்.

பெரிய மனைப்பிரிவுகளிலும் குடியிருப்புகளிலும் திறந்தவெளி விடச் சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடமாகவோ அதன் மதிப்பைப் பணமாகவோ தரலாம். 3,000-க்குக் கீழே கட்டாயம் இல்லை. நம் குடியிருப்பு அந்தக் கீழ்வரிசையில் வருகிறது. அதாவது, பின்பக்க மனையை விளையாட விடச் சொல்லி எந்தச் சட்டமும் நம்மைக் கேட்காது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் 14 சென்ட்

ஏ பிளாக்கிற்குப் பின்னால் இருப்பது 14 சென்ட். ஏறத்தாழ 566 சதுர மீட்டர். அது முழுவதையும் கூரை போட்ட கார் நிறுத்தமாக்கலாம் என்பது பொதுக்குழுவுக்கு வரும் யோசனை. யோசனை சொன்னவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கார் வெயிலில் நின்று பெயின்ட் போவதையும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்துவதையும் நானும் பார்க்கிறேன். நம்மிடம் இப்போது 41 கார், 36 இடம். ஐந்து கார் வெளியே.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காரைத் திருப்ப வழியும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்றால், முழு மனையில் 22 கார் நிற்கும். நமக்குத் தேவை ஐந்து.

வாலிபால் கோர்ட்டின் அளவு 18 மீட்டருக்கு 9 மீட்டர். நான்கு பக்கமும் மூன்று மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். 566-இல் 360 போனால் மிச்சம் 206. அதில் மதில் ஓரமாக எட்டு கார் நிறுத்தலாம். வெளியே நிற்கும் ஐந்துக்கும் இடம் கிடைக்கும். விருந்தாளிகளுக்கு மூன்று இடம் மிஞ்சும். வலையைக் கழற்றினால் அதே தரையில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம், பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தலாம், மழை பெய்தால் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கும்.

"யார் ஆடப் போறா? இருக்கிறவங்க எல்லாம் அறுபது தாண்டியாச்சு" என்று செயலாளர் அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு என் பதில், வாலிபாலே அவரைப் போன்றவர்களுக்காகத்தான் உண்டாக்கினார்கள் என்பது! விளையாட்டு போகட்டும், நம் 48 வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். இந்தக் கோடையில் அவர்கள் எங்கே ஆடினார்கள்? கார்களுக்கு நடுவே. இரண்டு கண்ணாடி உடைந்தது. யார் பணம் கொடுப்பது என்று வாட்ஸ்அப்பில் மூன்று நாள் பேசினோம். அந்தப் பிள்ளைகள் ஆடக் கோடு போட்ட இடம் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்காது.

பேரன் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் அந்தக் காலி மனையில் கோடு போட்டோம். வீட்டில் மிஞ்சிய கோலமாவு, ஓட்டை குத்திய டப்பா, துணி காயப்போடும் கயிறு. நான்கு மூலையில் நான்கு செங்கல். பாதுகாவலர் தம்பியின் மகன் உட்பட ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். கையுறை ஒன்றுதான், முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். மதில் ஓரத்தில் கிடக்கும் கட்டட இடிபாட்டு மேட்டில் பந்து ஏறிவிட்டால் என்ன விதி என்று சண்டை வந்தது. "மேட்டுல விழுந்தாலும் ஆட்டம் உண்டு, ஏறி எடுத்து எறி" என்று பேரன் தீர்ப்புச் சொன்னான். அந்த விதியை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் பெய்த சாரலில் கோலமாவுக் கோடு கரைந்துவிட்டது. இப்போது பார்த்தால் காலியாகத்தான் கிடக்கிறது.

பொதுக்குழு அன்று என் பங்கிற்கு ஒரு தீர்மானம் கொடுக்கிறேன்: மதில் ஓரம் எட்டு கார், மீதி விளையாட்டுத் திடல். வலை வாங்கும் செலவில் என் பங்கை முன்பணமாகத் தந்துவிடுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் வந்து பேசுங்கள். அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன். எல்லோரும் சேர்ந்து போய் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு வாக்களிப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

— பி பிளாக்கிலிருந்து ஒரு பழைய மாணவன்